ஏற்றுமதி இறாலுக்கு 2002, உள்ளூர் முட்டைக்கு 2025

சரியான சூட்டில் உறை ஊற்றி வைத்த பால், மறுநாள் காலையில் தோயாமல் தண்ணீராக நிற்கும். உறைமோர் பழசு, குளிர் ஜாஸ்தி, பாத்திரத்தில் சோப்பு ஒட்டியிருந்தது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மாடு வைத்திருக்கும் வீடுகளில் கூடுதலாக ஒரு காரணம் தெரியும்: மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது. மடிநோய்க்குப் போடும் பெனிசிலின் வகை மருந்து மடியிலிருந்து பாலில் இறங்கும். அந்தப் பாலில் தயிர்க் கிருமி வளராது. பால் ஆய்வகங்களில் செய்யும் ஒரு சோதனையும் ஏறக்குறைய இதேதான். ஊதா நிறக் கூழ் நிரப்பிய சின்னக் குழாய், அதற்குள் உறங்கும் ஒரு கிருமி. சில சொட்டுப் பாலை விட்டு 64 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் போல வைப்பார்கள். கிருமி வளர்ந்தால் ஊதா மஞ்சளாகிவிடும். ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து இருக்கிறது.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 77இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்புக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அலறும்படியான எண் அல்ல. (அதே ஆய்வில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் 368 மாதிரிகளில் வரம்பு மீறியிருந்தது, அதில் அதிகம் அகப்பட்ட மாநிலம் தமிழ்நாடு. பூசணம் பிடித்த தீவனத்திலிருந்து வருவது அது. நாமோ பாலில் யூரியா கலக்கிறார்கள் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.)

‘வரம்பு’ என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கால்நடை மருந்துகளுக்குத் தடை கிடையாது, வரம்புதான். நோய் வந்த மாட்டுக்கு மருந்து கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்த மருந்து உடம்பை விட்டு வெளியேறும்வரை பாலையும் கறியையும் விற்காமல் இருந்தால் போதும். அப்படிக் காத்திருக்க வேண்டிய நாள் எத்தனை என்பதை மருந்து லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2012 ஜனவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தயாரிப்பாளர் நாள் குறிப்பிடாவிட்டால் பொது அளவு இது: பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், ஆடு மாடு கோழி இறைச்சிக்கு 28 நாள், மீனுக்கு 500 டிகிரி-நாள். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் விசித்திரமான அளவு. குளத்துத் தண்ணீரின் வெப்பத்தை நாட்களால் பெருக்க வேண்டும். 25 டிகிரி தண்ணீர் என்றால் 20 நாள். குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடம்பு மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும், அதனால் இந்தக் கணக்கு.

காகிதத்தில் நல்ல விதி. பண்ணையில் வைத்துப் பாருங்கள். கறிக்கோழியின் மொத்த ஆயுளே 40 நாள் சுமார். அதற்கு 28 நாள் காத்திருப்பு என்றால், பிறந்து 12 நாளுக்குப் பிறகு அதற்கு நோயே வரக்கூடாது. முட்டைக்கோழி இன்னும் சிக்கல். 10,000 கோழி உள்ள கொட்டகையில் நாளைக்கு 9,000 முட்டை விழுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏழு நாளில் 63,000 முட்டை. அவ்வளவையும் குழி தோண்டிப் புதைக்கும் பண்ணையாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மாட்டுக்காரருக்கும் கணக்கு இதுதான். பத்து லிட்டர் கறக்கும் மாடு, லிட்டர் 35 ரூபாய் என்றாலும் ஏழு நாளில் 2,450 ரூபாய் சாக்கடையில் போகிறது. மருந்துச் செலவு, டாக்டர் செலவு தனி.

சரி, வரம்பே வைக்க முடியாத மருந்துகளுக்கு வருவோம்.

குளோராம்பெனிக்கால் என்றால் பலருக்குத் தெரியாது. குளோரோமைசெட்டின் என்றால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவு வரும், ஒரு காலத்தில் டைபாய்டுக்கு எல்லோரும் சாப்பிட்ட மருந்து. மலிவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் மிகச் சிலருக்கு, ஏறத்தாழ 25,000 முதல் 40,000 பேரில் ஒருவருக்கு, எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும். இது மருந்தின் அளவைப் பொறுத்ததாக இல்லை. அதிகம் சாப்பிட்டவருக்குத்தான் வரும், கொஞ்சமாகச் சாப்பிட்டவருக்கு வராது என்று சொல்ல வழியில்லாததால், ‘இவ்வளவுக்குக் கீழ் இருந்தால் ஆபத்தில்லை’ என்று எந்த நிபுணர் குழுவாலும் ஒரு கோடு போட முடியவில்லை.

நைட்ரோஃபியூரான்கள் வேறு விதம். பேதிக்குக் கொடுத்த மஞ்சள் நிற மாத்திரை, ஃபியூரசோலிடோன், இந்தக் குடும்பம்தான். விலங்கின் உடம்பில் சில மணி நேரத்தில் மருந்து காணாமல் போய்விடும். ஆனால் அதன் சிதைபொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். சமைத்தாலும் போகாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பதால் இவற்றையும், பாதுகாப்பான அளவு சொல்ல முடியாததால் குளோராம்பெனிக்காலையும் ஐரோப்பிய ஒன்றியம் 1990களிலேயே உணவுக்கான விலங்குகளில் தடை செய்துவிட்டது.

இந்தியாவுக்கு இந்தத் தடை எப்படி வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய கதை. 2001 கடைசியில் ஐரோப்பியத் துறைமுகங்களில் ஆசிய இறாலில் குளோராம்பெனிக்கால் அகப்பட்டது. 2002 ஜனவரியில் சீனாவின் விலங்குப் பொருட்களுக்கு ஐரோப்பா கதவைச் சாத்தியது. வியட்நாம், தாய்லாந்து, இந்தியா எல்லோருடைய சரக்கும் சந்தேகத்துக்குள் வந்தது. சோதனைக் கருவி இந்த அளவையாவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்று ஐரோப்பா 2003இல் வைத்த கோடு, கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம். இது எவ்வளவு சின்ன அளவு என்றால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 1,600 டன் இறாலில் சீராகக் கலந்தால் இந்த அளவு வந்துவிடும். இப்போது அதையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அளவு இவ்வளவு நுட்பமானதால் நிரபராதிகளும் மாட்டினார்கள். நன்னீர் இறாலின் ஓட்டில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருளும் ஒரு நைட்ரோஃபியூரானின் சிதைபொருளும் ஒன்றே என்பது பின்னால்தான் தெரிந்தது.

டாலர் போகிறது என்றதும் இங்கே காரியங்கள் வேகமாக நடந்தன. 2002இலேயே ஏற்றுமதிக்கான மீன், இறாலில் இந்த மருந்துகள் கூடாது என்று விதி வந்தது. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கடலோர மாநிலங்களில் ஆய்வகங்கள் திறந்தது. இறால் பிடிப்பதற்கு முன்பே குளத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2016இல் ஐரோப்பா இந்திய இறாலின் சோதனை விகிதத்தைப் பத்தில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாக உயர்த்தியது.

உள்ளூரில் சாப்பிடுகிறவனுக்கு? உணவுச் சட்டத்தின் கீழ் 2011 விதிகளில் கடல் உணவுக்கு மட்டும் தடைப்பட்டியல் ஒன்று இருந்தது. பால், முட்டை, இறைச்சிக்கெல்லாம் அது மெல்ல மெல்லத்தான் விரிந்தது. மருந்துச் சட்டத்தின் கீழ், உணவுக்காக வளர்க்கும் எந்த விலங்குக்கும் குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் மருந்துகளை இறக்குமதி செய்யவோ தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற முழுத் தடை வந்தது 2025 மார்ச்சில். ஏற்றுமதி இறாலுக்குப் பிறகு 23 ஆண்டு. அதே மருந்து, அதே மஜ்ஜை. தின்பவர் மட்டும் வேறு.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே முட்டையில் நைட்ரோஃபியூரான் எச்சம் என்று காணொளிகள் பரவின. அகப்பட்டதாகச் சொல்லப்பட்ட அளவு, கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற கண்காணிப்பு எல்லைக்குள்தான் இருந்தது. முட்டை சாப்பிடலாம், பயம் வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கொடுத்தது. சரியான விளக்கம்தான். ஆனால் ஒரு குழப்பம் அப்படியே நின்றுவிட்டது: அந்த ஒரு மைக்ரோகிராம், ‘இவ்வளவு வரை சாப்பிடலாம்’ என்ற அனுமதி அல்ல. இதற்கு மேல் இருந்தால் அதிகாரி நடவடிக்கை எடுக்கலாம் என்பதற்கான கோடு. தடைசெய்யப்பட்ட மருந்துக்கு ஏன் ஒரு எண் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதை யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு 5 முட்டை போடும் மாநிலத்தில், நாமக்கல்லை வைத்துக்கொண்டு, இதையாவது நாம் தெளிவாகப் பேசியிருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எச்சம். மருந்து உணவில் தங்கி, நம் வயிற்றுக்குள் வருவது. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய கவலை, எச்சமே விடாத ஒரு மருந்து.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் 1940களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களிலும் 80களிலும் டாக்டர்கள் அதை ஓரம்கட்டினார்கள். மனிதர்கள் விட்ட மருந்தைக் கோழியும் பன்றியும் எடுத்துக்கொண்டன. தீவனத்தில் கலந்தால் குஞ்சுகளுக்குக் கழிச்சல் வராது, எடையும் கொஞ்சம் கூடும். குடலிலிருந்து ரத்தத்துக்கு இது ஏறுவதே அரிது, அதனால் கறியிலோ முட்டையிலோ அநேகமாகத் தங்காது. எச்சக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தங்கமான மருந்து.

இதற்கிடையே மருத்துவமனைகளில் வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் பெருகின. தீவிர சிகிச்சைப் பிரிவில், எல்லாம் கைவிட்ட பிறகு, டாக்டர்கள் பழைய கொலிஸ்டினைத் தூசி தட்டி எடுத்தார்கள். சிறுநீரகம் போனாலும் உயிராவது மிஞ்சட்டும் என்று. அதே நேரத்தில் கொட்டகையில் லட்சக்கணக்கான கோழிகள் தினமும் அதைத் தீவனத்தோடு தின்றுகொண்டிருந்தன. கோழிக் குடலில் இருக்கும் கிருமிகள் அந்த மருந்தோடு வாழப் பழகிக்கொண்டிருந்தன.

2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கொலிஸ்டினுக்கு அடங்காமல் இருக்க உதவும் மரபணு ஒன்றை ஒரு பன்றியின் கிருமியில் கண்டார்கள். எம்.சி.ஆர்-1 என்று பெயர். கிருமி மருந்தை எதிர்ப்பது புதிதல்ல. அதுவரை கொலிஸ்டின் எதிர்ப்பு பரம்பரைச் சொத்து மாதிரி, கிருமியிலிருந்து அதன் வாரிசுக்கு மட்டும் போகும். இந்த மரபணுவோ கைமாற்றுக் கொடுப்பது மாதிரி பக்கத்தில் இருக்கும் கிருமிக்கும், வேறு சாதிக் கிருமிக்கும்கூடப் போகக்கூடியது. சோதித்த விலங்குகளில் 21 சதவீதத்திலும், கடை இறைச்சியில் 15 சதவீதத்திலும், மருத்துவமனை நோயாளிகளின் மாதிரிகளில் 1 சதவீதத்திலும் அது இருந்தது. எங்கிருந்து எங்கே போகிறது என்பதை இந்த வரிசையே காட்டிக்கொடுத்தது.

இறைச்சியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், அப்புறம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிருமி குழம்பின் வழியாக மட்டும் வருவதில்லை. கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குகிறோம். பண்ணையில் வேலை செய்பவரின் கை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே கோழி எரு. லாரி லாரியாகத் தோட்டங்களுக்குப் போகிறது. தென்னிந்தியாவில் காய்கறி, பழம், இறைச்சி என்று வாங்கிச் சோதித்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய பாதி மாதிரிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் இருந்தன. சைவம் சாப்பிடுகிறவர் தப்பித்தேன் என்று சொல்ல முடியாது. சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் இதை விடாமல் பேசியவர்களில் ஒருவர். 2012இல் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இந்திய மருத்துவர்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனத்தின் பின்னால் இருந்தவரும் அவர்தான்.

2019 ஜூலை 19 அன்று இந்தியா கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் தடை செய்தது. மருந்துச் சட்டத்தின் 26ஏ பிரிவில், தயாரிப்பு, விற்பனை, விநியோகம் மூன்றுக்கும் சேர்த்து. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: இது ஐரோப்பாவைவிடக் கடுமையான தடை. அங்கே டாக்டர் சீட்டு இருந்தால் நோய்க்கு இன்றும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்கலாம். ஏற்றுமதிக்காரர் நெருக்காமல், மருத்துவமனைகளின் கவலையிலிருந்து வந்த தடை என்பதாலும் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தடை போட்டால் பலன் உண்டா? சீனா 2017 ஏப்ரல் 30 முதல், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015இல் 27,170 டன்னாக இருந்த கொலிஸ்டின் தீவனக் கலவைத் தயாரிப்பு 2018இல் 2,497 டன்னாக இறங்கியது. பன்றிகளின் கிருமிகளில் எதிர்ப்பு 34 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது, கோழிகளில் 18இலிருந்து 5க்கு. குவாங்சோ நகரில் சோதித்த மனிதர்களிடமும் அந்த மரபணுவைச் சுமந்த கிருமிகள் 14 சதவீதத்திலிருந்து 6க்குக் குறைந்தன. மூன்றே ஆண்டுகளில். ஒருமுறை வந்த எதிர்ப்பு போகவே போகாது என்ற அவநம்பிக்கையை உடைத்த ஆய்வு இது. தயாரிப்பு எண்ணைக் கவனியுங்கள். ஆலையில் சரக்கு குறைந்ததால்தான் பன்றியில் கிருமி குறைந்தது.

ஆலையில் குறையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு பழைய பாடம் இருக்கிறது, நுகர்வோர் பாதுகாப்புக்காக வந்ததில்லை என்றாலும். மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக்கால் பாறு கழுகுகள் சாகின்றன என்று 2004இல் தெரிந்தது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் அழிந்தது. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது. மனிதர்களுக்கான ஊசி மருந்து கடையில் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது 30 மில்லி குப்பியிலும் வந்தது. மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2015இல்தான் மனித மருந்தை 3 மில்லி ஒற்றை ஊசிக் குப்பியில் மட்டும் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மருந்து நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு அந்தக் குப்பியின் அளவு வாழ்வா சாவா விஷயம்.

தப்பான இடத்தில் விழும் தடையும் உண்டு. மாடு பால் இறக்குவதற்காகப் போடும் ஆக்சிடோசின் ஊசியால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று நம் ஊரில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலம் கோர்த்த ஒரு துண்டு. ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். பாலோடு வயிற்றுக்குப் போனாலும் புரதம் மாதிரி செரித்துவிடும். மாட்டுக்கு அது கொடுமை, ஊசி இல்லாமல் பால் இறக்காத பழக்கமாகிவிடும். ஆனால் குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை. 2018இல் மத்திய அரசு தனியார் யாரும் ஆக்சிடோசின் தயாரிக்கக்கூடாது, ஒரே ஒரு அரசு நிறுவனம் போதும் என்று உத்தரவிட்டது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த டாக்டர்கள் முதலில் எடுப்பது இதே மருந்தைத்தான். அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று உத்தரவை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

இப்போது கொலிஸ்டினுக்கு இணையான இன்னொரு கேள்வி வெளியிலிருந்து வருகிறது. 2026 செப்டம்பர் 3 முதல், வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுத்து வளர்த்த விலங்குகளின் பொருளையும், மனிதர்களுக்கென்று ஒதுக்கிய மருந்துகளைக் கொடுத்து வளர்த்ததையும் இறக்குமதி செய்ய மாட்டோம் என்று ஐரோப்பா விதி போட்டிருக்கிறது. எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், எப்படி வளர்த்தாய் என்றும் கேட்கிறது. ஏற்றுமதிச் சரக்குக்கு இங்கே அதற்கான காகிதங்கள் தயாராகிவிடும், அதில் சந்தேகமில்லை. சந்தைக்குப் போகும் சரக்குக்கு அந்தக் காகிதத்தை யார் கேட்பது என்பதில்தான் நம் அமைப்பு தடுமாறுகிறது. மருந்துக் கடைக்குள் போகிறவர் மருந்து ஆய்வாளர். முட்டையைச் சோதிப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். கொட்டகைக்குள் போகிறவர் கால்நடை மருத்துவர். மூன்றும் மூன்று துறை. கொட்டகைக்குள் இருக்கும் குப்பியைப் பார்ப்பவருக்கு அதை விற்றவர் மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இல்லை.

மடிநோய்க்குத் திரும்புகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு வைத்தியத்திலிருந்து எடுத்து ஒழுங்குபடுத்திய மருந்து ஒன்று, தேசிய பால்வள வாரியத்தின் வழியாக இன்று வட மாநிலங்கள் வரை போயிருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செங்கல் நிறத்தில் வரும். அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடி முழுக்கத் தடவ வேண்டும். கடுமையான காய்ச்சலோடு மாடு படுத்துவிட்டால் டாக்டரைக் கூப்பிடத்தான் வேண்டும், ஆரம்ப நிலைக்கு இது கைகொடுக்கிறது. ஏழு நாள் பாலைக் கொட்டவும் வேண்டியதில்லை. ஆனால் ஒருநாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாளைக்குத் தடவ வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் மாட்டைப் பார்க்கிற வீட்டில், பகலில் அந்த மடியைக் கழுவ ஆள் யார்? ஊசி ஒரு நிமிட வேலை.